சட்டையும் ஆளும்

2025 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் என் தமக்கையின் மகன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து எங்கள் வீட்டிலே இரண்டு வாரம் தங்கியிருந்தான். வந்த மூன்றாம் நாட் காலை, கிணற்றடியிலே துணி தோய்க்க ஆயத்தமான என் மனைவி, அவனுடைய பெட்டியின் ஓரத்தில் மடிப்புக் குலையாமற் கிடந்த நீலச் சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இதையும் தோய்க்கவோ?" என்று கேட்டாள். நெஞ்சிலே பெரியதொரு வெள்ளை மேப்பிள் இலை. முதுகிலே 16 என்னும் இலக்கம். இலக்கத்துக்கு மேலே ஒருவருடைய பெயர். குளிர்நாட்டுக்கென நெய்த தடித்த துணி.

"வேண்டாம் மாமி. அதை நான் இனிப் போடமாட்டேன். எறிந்துவிடவும் மனம் வரவில்லை. இங்கே யாராவது பெடியனுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன்" என்றான் அவன்.

கிழிசல் இல்லை, கறை இல்லை, விலையோ என் போன்ற ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் நல்லதொரு பங்கை விழுங்கக்கூடியது. அப்படியிருக்க ஏன் இந்தத் துறவு என்று விசாரித்தேன். பையனுடைய முகம் செத்தவீட்டு முகமாயிற்று. சட்டையின் முதுகிலே பெயர் பொறிக்கப்பட்டிருந்த மிற்ச் மார்னர் என்னும் பனி ஹொக்கி வீரர், ஒன்பது பருவகாலம் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, அந்த யூலை முதலாந் தேதியோடு லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டாராம்.

அடுத்த நாள் விடியற்புறம் நாலரை மணிக்கு முற்றத்திலே பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். ரொறன்ரோவில் அப்பொழுது முந்தின நாள் மாலை ஏழு மணி. மருமகன் தொலைபேசியிலே தன் சிநேகிதன் ஒருவனோடு கடுந் தர்க்கத்தில் ஈடுபட்டிருந்தான். யூலை மாதத்திலே அங்கு ஆட்டமே கிடையாது. ஒக்டோபரில் தொடங்கும் பருவம் யூன் மாதத்தோடு முடிந்துவிடும். ஆட்டமில்லாத மாதத்தில் ஆட்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டதற்கு அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது ஒரு பங்கென்றால், வரப்போகிற பையன்களையும் போகப்போகிற ஆட்களையும் பற்றிப் பேசுவது இரண்டு பங்கு" என்றான். அந்த இரண்டு வாரமும் திண்ணையிலிருந்து அவன் எனக்குச் சொன்னவற்றையும், நான் பின்னர் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

பனி ஹொக்கியை நம் கல்லூரி மைதானங்களிற் புல்லின்மேல் ஆடும் ஹொக்கியின் தம்பி என்று எண்ணிவிடக் கூடாது. தாயாதி என்று வேண்டுமானாற் சொல்லலாம். 200 அடி நீளமும் 85 அடி அகலமுமுள்ள பனித்தளம். பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பவர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்புமுள்ள கரிய இறப்பர் வட்டு. காலிலே கத்தி போன்ற இரும்பு பூட்டிய சப்பாத்து. இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். முழுவேகத்தில் முக்கால் நிமிடம் ஆடினாலே ஒருவர் களைத்துப்போவார். ஆகையால் ஆட்டத்தை நிறுத்தாமலே ஆட்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பர். ஆள் மாறுவது இவ்வாட்டத்துக்கு மூச்சு விடுவது போல. களத்திலே மாத்திரமன்று, களத்துக்கு வெளியிலும் அப்படித்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இவ்விளையாட்டின் தலைமைப் போட்டியை நடத்துவது, 1917 இல் மொன்றியால் நகரிலே தோன்றிய தேசிய ஹொக்கி லீக். அதில் இப்போது 32 அணிகள். ஏழு கனடாவிலும் இருபத்தைந்து ஐக்கிய அமெரிக்காவிலும் உள்ளன. பருவத்தின் சாதாரண ஆட்டங்கள் முடிந்ததும் பதினாறு அணிகள் மாத்திரம் கிண்ணச் சுற்றுக்குத் தகுதி பெறும். அங்கே ஓர் அணியோடு ஓர் அணி திரும்பத் திரும்ப மோதும். முதலில் நான்கு ஆட்டம் வென்றது மேலே செல்லும். இப்படி நான்கு சுற்று. பதினாறு வெற்றி கண்டவருக்கே கிண்ணம். கனடாவின் மகாதேசாதிபதியாயிருந்த ஸ்ரான்லி பிரபு 1892 இல் அளித்த கிண்ணம் அது.

கிண்ணச் சுற்று முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்பது வீரர் பலருடைய வழக்கம். இரசிகரும் கூடவே தாடி வளர்ப்பர். கந்தசஷ்டி விரதமிருக்கும் ஊரிலிருந்து போன நம்மவர்களுக்கு இது விளங்காத காரியமாயிருந்திராது. ஒரேயொரு வித்தியாசம், இவ்விரதம் எத்தனையாம் நாளில் முடியவேண்டும் என்பதை எதிரணிதான் தீர்மானிக்கும்.

ரொறன்ரோ இரசிகருடைய விரதம் 1967 இல் தொடங்கியது. அவ்வருடம் மே மாதம் 2 ஆந் தேதி மொன்றியாலை வென்று கிண்ணத்தை எடுத்த அணியில் நாற்பதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். கோல் காத்த ஜொனி பவருக்கு வயது 42. லீக்கிலே அந்நாளில் இருந்தவை ஆறே அணிகள். அதன் பின் 2025 வரை, ஐம்பத்தெட்டு வருடத்தில், ரொறன்ரோ கிண்ணத்தைத் தொட்டதுமில்லை. இறுதிப் போட்டிக்குப் போனதுமில்லை. 2004 க்கும் 2023 க்கும் இடையிலோ ஒரு சுற்றையாவது வென்றதில்லை. இத்தனைக்கும் ஏழை அணியன்று. பணமும் உண்டு, இரசிகரும் உண்டு. வேறெந்த ஊரிலாவது இப்படி நடந்தாற் கொட்டகை வெறிச்சோடிப் போயிருக்கும். அங்கே அப்படி நடக்கவில்லை.

2013 மே 13 ஆந் தேதி பொஸ்ரன் நகரில் நடந்த ஏழாவது ஆட்டத்தைப் பற்றி மருமகன் கதை கதையாகச் சொன்னான். அப்பொழுது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாம் பகுதியிலே ரொறன்ரோ 4 - 1 என்று முன்னணியில் நின்றது. ஏறத்தாழப் பதினொரு நிமிடம் இருக்கையில் பொஸ்ரன் ஒரு கோல் போட்டது. 'போகட்டும்' என்றார்கள். இறுதி ஒன்றரை நிமிடத்துக்குள் மேலும் இரண்டு. அவற்றுக்கிடையே 31 செக்கன். 4 - 4. மேலதிக நேரத்தில் ஐந்தாவது கோலும் விழுந்தது, பருவம் முடிந்தது.

இந்தக் கதையின் மறுபாதியை எனக்கு முன்னொருமுறை சொன்னவர் அவனுடைய தகப்பன், என் அத்தான். 1989 இல் கனடாவுக்குப் போனவர். பனியிலே சறுக்க இன்றுவரை அவருக்குத் தெரியாது. அன்றிரவு ஒரு தொழிற்சாலையில் இராவேலை, மூலையிலே வானொலி. விடிய வேலை முடிந்து வாசலுக்கு வந்தபோது, இத்தாலியரும் யமேக்கரும் பிலிப்பைன்காரரும் மேற்பார்வையாளரும் ஒரே முகத்தோடு நின்றார்களாம். ஒருவரும் பேசவில்லையாம். ஒருவர் மாத்திரம் அத்தானுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனாராம். "இருபத்துநாலு வருடம் அந்த ஊரில் வேலை செய்தேன். அன்றைக்குத்தான் என்னையும் ஊரவன் என்று எண்ணினார்கள்" என்று சொல்லியிருக்கிறார். நீலச் சட்டையை மகனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மார்னர் பிறந்த மார்க்கம் நகரம் ரொறன்ரோவை அடுத்தது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இடம். "பக்கத்து ஊர்ப் பிள்ளை, அவனுடைய பெயரே இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கினாராம்.

இனி, 'வரப்போகிற பையன்கள்' கதை. வருடந்தோறும் யூன் மாத இறுதியில் ஆட்டத் தெரிவு என்று ஒன்று நடக்கும். பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களை அணிகள் ஒவ்வொன்றாக அழைத்துத் தமக்கெனப் பதிந்துகொள்ளும். முதலாவது தெரிவு 1963 இல் மொன்றியாலிலே நடந்தது. இப்போது ஏழு சுற்று, 224 பெயர்கள். பையனுக்கு அணியைத் தெரிவுசெய்யும் உரிமையில்லை. அணிக்கே அவனைத் தெரிவுசெய்யும் உரிமை. முற்பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. செல்வமுள்ள அணிகளே திறமையையெல்லாம் வாரிக்கொள்ளாதிருக்க வகுத்த நியாயமான விதிதான். ஆயினும் விதியை வகுத்த மாத்திரத்தே அதைச் சுற்றிப்போக வழி தேடுவது மனித சுபாவமல்லவா? கடைசியாக வந்தால் முதற்பையன் கிடைப்பானென்றால், கடைசியாக வர ஆசைப்படுவோரும் தோன்றினர்.

1984 இல் மாரியோ லெமியூ என்னும் அபூர்வமான பையன் தெரிவுக்கு வரவிருந்தான். பிற்ஸ்பேர்க்கும் நியூ ஜேர்சியும் அட்டவணையின் அடியிலே கிடந்தன. பருவ முடிவில் பிற்ஸ்பேர்க்குக்கு 38 புள்ளி. நியூ ஜேர்சிக்கு 41. மூன்று புள்ளி குறைவாகப் பெற்ற 'பாக்கியத்தால்' லெமியூ பிற்ஸ்பேர்க் சேர்ந்தார். 1991 இலும் 1992 இலும் அந்நகருக்குக் கிண்ணம் வந்தது. இத்தகைய வித்தைகளைத் தடுக்கவே 1995 முதல் லொத்தர் முறை புகுந்தது. கடைசி அணிக்கு வாய்ப்பு அதிகம், நிச்சயம் இல்லை. 2025 இல் நூற்றுக்கு மூன்றரை வீத வாய்ப்பே இருந்த நியூயோர்க் ஐலண்டேர்ஸ் அணி பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவி, மத்தியூ ஷேபர் என்ற பதினேழு வயதுப் பையனைப் பெற்றது. அவனுடைய தாய் புற்றுநோயால் 2024 இல் இறந்தவர். அணியின் சட்டையை அணியும்போது மேடையிலே அவன் விம்மி அழுததைக் கண்டு, அவ்வணியைப் பிடிக்காதவர்கள்கூட அழுதார்கள் என்று மருமகன் சொன்னான்.

ரொறன்ரோவின் முறை 2016 இல் வந்தது. அவ்வருடம் முப்பது அணிகளில் முப்பதாவதாக வந்து, லொத்தரிலும் வென்று, ஒஸ்ரன் மத்தியூசைப் பெற்றது. அரிசோனாப் பாலைவனத்திலே வளர்ந்து பனியாட்டம் கற்ற பிள்ளை அவர். 2023-24 பருவத்தில் 69 கோல் போட்டார். 2024 இல் அணித்தலைவரானார். அந்த 2016 ஆம் ஆண்டு என் மருமகன், தன் அணி இறுதி ஆட்டங்களிலே தோற்கவேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தானாம். விக்கினம் தீர்க்கும் கடவுளிடம் விக்கினம் கேட்ட முதற் பக்தன் இவனாகத்தான் இருக்கவேண்டும்.

தெரிவு நாளைப் பற்றி அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, என் மனம் வேறிடத்தில் நின்றது. பெற்றாரும் பாட்டன் பாட்டியும் புடைசூழ மண்டபத்திலே உட்கார்ந்திருந்து, சுற்றுக்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தும் பெயர் அழைக்கப்படாத பையன்களை எண்ணினேன். பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் கல்லூரி வாசலிலே இருபது வருடமாக அந்த முகங்களைக் கண்டுவருகிறேன். மாணாக்கரை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் எத்தனை முறை பிழைத்திருக்கிறோம்! ஹொக்கி மதிப்பீட்டாளர்களும் அப்படியே. 1993 இல் ஒட்டாவா அணி முதலாவதாகத் தெரிவுசெய்த அலெக்சாந்தர் டேக் எதிர்பார்த்த உயரத்தை எட்டவேயில்லை. இரண்டாவதாக அழைக்கப்பட்ட கிறிஸ் புறொங்கருக்குக் கீர்த்தி மண்டபத்திலே இடம் கிடைத்தது. 1998 இல் 170 பெயர்கள் போனபின்பே டெற்றோயிற் அணி பாவெல் தத்சூக் என்ற ரஷ்யரை அழைத்தது. அவரும் 2024 இல் அதே மண்டபம் புகுந்தார். எல்லாரிலும் பெரிய வீரரெனப்படும் வேய்ன் கிறெற்ஸ்கியோ எந்தத் தெரிவிலும் அழைக்கப்பட்டவரல்லர். வேறொரு லீக்கில் ஆடிய அவரது எட்மன்ரன் அணி 1979 இல் தேசிய லீக்கிலே சேர்ந்தபோது கூடவே வந்தவர்.

ஒரு வேடிக்கையையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன். 1974 இல் தெரிவு தொலைபேசி மூலம் நடந்தது. முடிவில்லாமல் நீண்ட அந்த அழைப்புக்களாற் பொறுமையிழந்த பபலோ அணி முகாமையாளர் பஞ்ச் இம்லாக், பதினோராம் சுற்றிலே 'ரோக்கியோ கத்தானாஸ்' அணியின் தாரோ சுஜிமொத்தோ என்ற யப்பானியரைத் தெரிவுசெய்வதாக அறிவித்தார். லீக் அதிகாரிகளும் பயபக்தியோடு பதிந்துகொண்டார்கள். அப்படியோர் ஆளுமில்லை, அணியுமில்லை! உண்மை வெளிவந்து பதிவு இரத்தான பின்பும், தம் அணி மோசமாக ஆடும் இரவுகளில் பபலோ இரசிகர்கள் 'தாரோ வேண்டும்' என்று கூவி மகிழ்ந்தனர். இல்லாத வீரரைக் காட்டிலும் நல்ல வீரர் எவர்? தோற்கவும் மாட்டார், வேறூருக்குப் போகவும் மாட்டார்.

'போகப்போகிற ஆட்கள்' விடயம் இவ்வளவு வேடிக்கையானதன்று. ஆள்மாற்று என்றால், ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணியிடம் ஒப்படைத்துப் பதிலுக்கு வீரரையோ பணத்தையோ வருங்காலத் தெரிவுரிமையையோ வாங்கிக்கொள்வது. ஒப்பந்தத்திலே சம்மத உரிமை எழுதி வாங்கியிருக்கும் மூத்த வீரரைத் தவிர மற்றவரிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. தொலைபேசி மணி அடிக்கும். அடுத்த நாள் வேறூரில் வேறு நிறச் சட்டை. மனைவி பிள்ளைகள் பின்னால் வருவர். 1993 இல் வின்னிபெக் அணி, கிறிஸ் ட்றேப்பர் என்ற வீரரை ஒரே ஒரு டொலருக்கு டெற்றோயிற்றுக்கு விற்றது. அந்த ஒரு டொலர் ஆள் அங்கே பதினேழு பருவம் ஆடி நான்கு முறை கிண்ணம் ஏந்தினார். 2025 மார்ச்சில் ரொறன்ரோ, கிண்ணச் சுற்றை எண்ணி இரு வீரரைப் பெறுவதற்காகத் தன் 2026, 2027 ஆம் ஆண்டுகளின் முதற் சுற்றுத் தெரிவுரிமைகளை, வேறு சிலவற்றோடு சேர்த்து, பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் கைமாற்றியது. 2027 இல் தெரிவாகவேண்டிய பையன் அந்நேரம் எங்கோ ஒரு பாடசாலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்திருப்பான். அவன் பேரில் வியாபாரம் முடிந்துவிட்டது.

2004-05 பருவம் முழுவதும் ஆட்டமே இல்லாமற் போனதற்குக் காரணமான சம்பளப் பிணக்கின் பின், அணியொன்று மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 2025-26 பருவத்தில் அது ஒன்பது கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் அமெரிக்க டொலர். ஆகையால் இந்நாளைய இரசிகருடைய தர்க்கத்தில் பாதி கணக்கு. 'இவரை அனுப்பினால் இவ்வளவு மிஞ்சும். அதற்குள் இன்னாரை வாங்கலாம்.' கணிதத்தில் என் மருமகன் சாதாரண சித்திதான் பெற்றவன். ஆனால் முற்றத்திலே நின்று மனக்கணக்காக அவன் கோடிகளைக் கூட்டிக் கழித்த வேகத்தைக் கேட்டால் எங்கள் கணித ஆசிரியரே திகைத்துப்போவார். ஒன்று மாத்திரம் எனக்கு உறுத்தலாயிருந்தது. கூட்டிக் கழிக்கப்பட்ட ஒவ்வோர் இலக்கமும் ஓர் ஆள்.

அந்த ஆள்களுள் தலையாயவரைக்கூட விற்றார்கள். வேய்ன் கிறெற்ஸ்கியின் தலைமையில் எட்மன்ரன் 1984, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளிலே கிண்ணத்தை வென்றது. 1988 ஓகஸ்ட் 9 ஆந் தேதி, கடைசிக் கிண்ணம் வென்று மூன்று மாதம் முடியுமுன்பே, அவரும் வேறு இருவரும் லொஸ் ஏஞ்சல்சுக்குக் கைமாற்றப்பட்டனர். பதிலாக வந்தவை இரண்டு வீரர், மூன்று முதற் சுற்றுத் தெரிவுரிமை, ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலர். நிருபர்கள் முன்னே பேச வந்த கிறெற்ஸ்கி பேசமுடியாமல் அழுதார். பாராளுமன்ற அங்கத்தவர் ஒருவர் அரசாங்கம் இதைத் தடுக்கவேண்டுமென்று கோரினார். ஊர்மக்களின் கோபம் அணி உரிமையாளர்மேற் பாய்ந்தது. அடுத்த ஆண்டே கொட்டகை வாசலிலே கிறெற்ஸ்கிக்குச் சிலை எழுந்தது.

1989 ஒக்டோபர் 15 ஆந் தேதி அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் சட்டையோடு எட்மன்ரனிலே ஆட வந்தார். லீக்கின் வரலாற்றிலே அதிக புள்ளி பெற்றவர் என்ற கோர்டி ஹோவின் சாதனையை முறியடிக்க அவருக்கு வேண்டியிருந்தது மிகச் சொற்பம். ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளையில் அவர் போட்ட கோல் ஆட்டத்தைச் சமப்படுத்தியது. அதுவே 1851 ஆவது புள்ளி. தம் அணியின் வெற்றியைத் தட்டிப்பறித்த எதிரணி வீரருக்காக எட்மன்ரன் மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். மேலதிக நேரத்தில் அவரே இன்னொரு கோல் போட்டு அவர்களைத் தோற்கடித்தும்விட்டார். அவரில்லாமலே எட்மன்ரன் 1990 இல் மீண்டும் கிண்ணம் வென்றது. கிறெற்ஸ்கிக்கு அதன்பின் கிண்ணம் கிடைக்கவேயில்லை.

எட்மன்ரன் இழந்தது ஓர் ஆளை. கியூபெக் நகரத்தார் இழந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய அணி பல வருடம் அட்டவணையின் அடியிலே உழன்று, 1991 இல் முதலாவது தெரிவாக எரிக் லின்ட்றொஸ் என்ற பையனைப் பெற்றது. பையன் அங்கே ஆடமாட்டேன் என்று மறுத்துவிட்டான். ஒரு வருடம் இழுபட்டபின், 1992 யூனில் அணியார் அவனை ஒரே வேளையில் இரண்டு அணிகளுக்குக் கைமாற்றினார்கள்! மத்தியஸ்தர் ஒருவர் விசாரித்துப் பிலடெல்பியாவுக்கே உரியவன் என்று தீர்த்தார். பதிலாக வந்த வீரர் பட்டாளத்திலே பீற்றர் போர்ஸ்பேர்க் என்ற சுவீடன் இளைஞரும் ஒருவர். நல்ல மாற்று. அணி வளர்ந்தது. 1995 இல் கிழக்குப் பிரிவிலே முதலிடம் பெற்றது. இரசிகர்கள் அத்தனை காலம் காத்திருந்தது கைகூடும் நேரம் வந்தது. அந்த வருடமே அணி விற்கப்பட்டு, அமெரிக்காவின் டென்வர் நகருக்குப் போயிற்று. அங்கு போன முதற் பருவத்திலே, 1996 யூனில், கிண்ணம் வென்றது. கோல் காத்தவர் பற்றிக் றுவா. அந்த டிசெம்பரிலே மொன்றியால் அவரைக் கைமாற்றியிருந்தது. அணி கியூபெக்கிலே இருந்திருந்தால், பக்கத்து ஊர்ப் பகையாளிக்கு மொன்றியால் அவரை ஒருபோதும் கொடுத்திராது என்பர். கியூபெக் நகரத்தார் 2015 இல் ஏறத்தாழ 18,000 ஆசனங்களோடு புதிய கொட்டகை கட்டித் திறந்தார்கள். பத்தாண்டு கழிந்த பின்பும், 2025 இல், அங்கே தேசிய லீக் அணி எதுவும் வந்திருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நீலச் சட்டையைப் பற்றி மருமகனோடு வாதாடினேன். 2025 மே 18 ஆந் தேதி, சொந்த ஊரிலே நடந்த ஏழாவது ஆட்டத்தில் புளோரிடாவிடம் ரொறன்ரோ 6 - 1 என்று தோற்றது. இரசிகர்கள் கூக்குரலிட்டு இகழ்ந்தார்கள். இகழ்ச்சியின் பெரும்பங்கு மார்னர் தலையிலே விழுந்தது. அப்பருவத்தில் 102 புள்ளி பெற்றவர். ஆனால் பெரிய ஆட்டங்களிலே ஒளிந்துகொள்வார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய ஒப்பந்தம் யூன் மாதத்தோடு முடியவிருந்தது. சும்மா போகவிடாமல், கடைசி நேரத்திலே அவரை லாஸ் வேகாசுக்கு மாற்றி ஒரு வீரரை ரொறன்ரோ வாங்கிக்கொண்டது. எட்டு வருடத்துக்கு ஒன்பது கோடி அறுபது இலட்சம் டொலர் அங்கே அவருக்கு.

"ஊர்ப் பிள்ளை ஊரை விட்டுப் போனான். துரோகமில்லையா?" என்றான் மருமகன்.

"பதினெட்டு வயதில் அவரைக் கேட்காமல் உங்கள் அணி பதிந்துகொண்டது. ஒன்பது வருடம் ஆடினார். நீயும் உன் சிநேகிதனும் தினந்தோறும் விடியற்புறம் யார் யாரையோ யார் யாருக்கோ விற்கிறீர்கள். அதைச் சாமர்த்தியம் என்கிறீர்கள். தவணை முடிந்து ஓர் ஆள் தானாகப் போனால் அது மாத்திரம் துரோகமா?" என்றேன். "உன் தகப்பன் ஊரை விட்டுப் போனவர்தானே?" என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். விருந்தாளிப் பிள்ளை, அன்றியும் அது வேறு கதை.

அவன் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "அணி விற்கும்போது எங்களுக்காக விற்கிறது, மாமா. ஆள் போகும்போது தனக்காகப் போகிறான்" என்றான். இதற்கு என்னிடம் சட்டென்று மறுமொழி இருக்கவில்லை. கியூபெக் அணி யாருக்காகப் போயிற்று என்று கேட்டிருக்கலாம், அந்நேரம் தோன்றவில்லை.

அவன் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, அடுத்த வீட்டுப் பையன் ஒழுங்கையிலே கிரிக்கெற் விளையாடிக்கொண்டிருந்தான். மருமகன் கூப்பிட்டு நீலச் சட்டையைக் கொடுத்தான். பத்து வயதுப் பையனுக்கு அது முழங்காலைத் தாண்டியது. கைகள் இரண்டும் உள்ளே மறைந்துபோயின. ஆடி மாதத்து வெயிலில் அந்தத் தடித்த துணியைக் கழற்ற மறுத்துவிட்டு, வேர்த்து வழிய இரண்டு ஓவர் பந்து போட்டான். பிறகு வந்து முதுகைத் திருப்பிக் காட்டி, "அண்ணை, இது ஆர்?" என்று கேட்டான்.

மருமகன் வேலியோரக் கல்லிலே உட்கார்ந்தான். வட்டைப் பார்க்காமலே மார்னர் அதைத் தட்டிக்கொடுக்கும் விதத்தையும், இரண்டு பேருக்கு நடுவே நூல் கோத்ததுபோல் அனுப்பும் விதத்தையும், பனியிலே திரும்பும் விதத்தையும் தடியொன்றை எடுத்து மண்ணிலே கீறிக் காட்டினான். இரண்டு வாரமாக அந்த மனிதரைத் திட்டிய வாய் ஒரு குறையும் சொல்லவில்லை. பனியையே கண்டிராத பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒழுங்கையிலே இருள் இறங்கிற்று. உள்ளேயிருந்து மனைவி இரண்டு தரம் கூப்பிட்டாள்.

"இப்ப எங்கை விளையாடுறார்?" என்றான் பையன்.

மருமகன் கையிலிருந்த தடியை வேலிப்பக்கம் எறிந்துவிட்டு, "வேறை ஊரிலை" என்றான்.